பழ ஈயின் காதலாட்டமும் பரம்பரை அலகுகளும்: மலையக ஆய்வுகூடங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே தாய் ஈயின் வழிவந்த ஆண்களில் சிலவற்றைக் கண்டியிலும் சிலவற்றை நுவரெலியாவிலும் வளர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் காதல் செய்யா. 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் வளர்ந்த ஈ உடல் பெருத்திருக்கும், மெதுவாக நகரும், சிறகை அதிர்த்துப் பாடும் பாட்டும் இழுபடும். பரம்பரை அலகுகளில் எந்த மாற்றமும் இல்லை, மாறியது வெப்பநிலை மட்டுமே. ஆகவே "இந்த நடத்தைக்கு இந்த அலகுதான் காரணம்" என்று எழுதுவதற்கு முன், வெப்பநிலை, வயது, உணவு, நேரம், முன்னனுபவம் ஆகிய அனைத்தையும் சமப்படுத்தியாக வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்தச் சமப்படுத்தலைப் பற்றியதுதான். உயர்தர உயிரியல் மாணவர்களும் ஆசிரியர்களும் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவற்றையே இங்கே எடுத்திருக்கிறோம்.

எந்த ஈ?

கொய்யாவையும் மாம்பழத்தையும் துளைத்துப் புழு வைக்கும் ஈ, விவசாய உத்தியோகத்தர்கள் பொறி வைத்துப் பிடிக்கும் ஈ, அது வேறு குடும்பம். நமக்கு வேண்டியது குசினியில் கனிந்த வாழைக்குலையைச் சுற்றும் 2 முதல் 3 மில்லிமீற்றர் நீளச் சின்ன ஈ: துரோசோபிலா மெலனோகாஸ்டர். சிவந்த கண், மஞ்சள் கலந்த பழுப்பு உடல்.

பிடிப்பது சுலபம். தோலுரித்த கோழிக்கூட்டு வாழைப்பழத் துண்டு ஒன்றில் ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவிப் போத்தலில் போட்டு, வாயில் கடதாசிப் புனல் செருகி, குசினி ஓரத்தில் ஒரு நாள் வையுங்கள். தோலைச் சேர்க்க வேண்டாம். மருந்தடித்த எச்சம் அதில்தான் தங்கியிருக்கும்.

ஒரே பொறியில் பல இனங்கள் விழும், பெண்களைப் பார்த்து இனம் பிரிப்பது கடினம். அதனால் ஒரு போத்தலுக்கு ஒரே ஒரு பெண் ஈயை மட்டும் விடுங்கள். வெளியே பிடித்த பெண் பெரும்பாலும் ஏற்கெனவே இணைசேர்ந்து விந்தைச் சேமித்து வைத்திருக்கும். தனியாகவே முட்டையிடும், பிள்ளைகள் எல்லாம் ஒரே இனமாக இருக்கும். மகன்கள் வெளிவந்ததும் வில்லையில் பாருங்கள். வயிற்று நுனி கருத்தும், முன்காலின் முதற் கணுவில் பத்துப் பன்னிரண்டு தடித்த கறுப்பு மயிர்கள் ஒரே வரிசையாகச் சீப்புப் போலவும் இருந்தால் அந்தப் போத்தலை வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றை விலக்குங்கள். மிக நெருங்கிய உறவினங்களிலும் இதே சீப்பு உண்டு. என்றாலும் ஒரு தாய்வழியை மட்டும் வைத்திருக்கும்வரை கலப்பு நேராது.

உள்ளே என்ன நடக்கிறது

ஆண் ஈயின் காதலாட்டத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பெண்ணை நோக்கித் திரும்பும், பின்தொடரும், முன்காலால் தட்டும், ஒரு சிறகை மட்டும் விரித்து அதிர்த்துப் பாடும், பெண்ணின் பின்புறத்தை நக்கும், வயிற்றை வளைத்து ஏற முயலும். பெண் இசைந்தால் ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடப் புணர்ச்சி. எவரும் கற்றுக்கொடுக்காமலே, தனியாக வளர்ந்த ஆண்கூட இதைச் செய்கிறது.

இந்த ஒழுங்கின் நடுவே இருப்பது புரூட்லெஸ் என்ற பரம்பரை அலகு. ஆண், பெண் இரண்டிலும் அது உண்டு. ஆனால் அதிலிருந்து வரும் ஆர்என்ஏ இரு பாலிலும் வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டப்படுகிறது (ஆர்என்ஏ என்பது அலகின் செய்திப் பிரதி), ஆணுக்குரிய புரதம் ஆணின் நரம்புத் தொகுதியில் சுமார் 2,000 நரம்புக்கலங்களில் மட்டும் உண்டாகிறது. 2005 இல் எபுரு டெமிர், பரி டிக்சன் இருவரும் பெண் ஈக்களில் ஆண் வகையான வெட்டலை வலிந்து ஏற்படுத்தினார்கள். அந்தப் பெண்கள் மற்றப் பெண்களைத் துரத்திச் சிறகு விரித்துப் பாடின. டபிள்செக்ஸ் என்ற இன்னோர் அலகு உடலின் ஆண், பெண் வடிவத்தையும் பாட்டின் ஒரு பங்கையும் தீர்மானிக்கிறது. பத்திரிகைகள் புரூட்லெஸ்ஸை "காதல் பரம்பரை அலகு" என்று தலைப்பிடுவது மிகை. அது நரம்புச் சுற்றை அமைக்கிறது, அந்தச் சுற்றை இயக்குவது கண்ணும் மணமும் சுவையும்தான்.

முன்காலால் தட்டுவது உண்மையில் சுவை பார்ப்பது. பெண்ணின் தோல் மெழுகில் 7,11-ஹெப்டகோசடையீன் என்ற ஐதரோகாபன் இருக்கிறது. ஆணில் 7-டிரைகோசீன் மிகுதி. முதலாவது ஆணைத் தூண்டும், இரண்டாவது இன்னோர் ஆணைத் தடுக்கும். பாட்டும் அடையாளமே: மெலனோகாஸ்டரில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே ஏறத்தாழ 35 மில்லிசெக்கன், நெருங்கிய உறவினமான சிமுலன்சில் ஏறத்தாழ 50. வெப்பநிலை இறங்கினால் இந்த இடைவெளி நீளும். பாட்டைப் பதிவுசெய்து இனம் காண நினைப்பவர்கள் வெப்பமானியையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

பரம்பரை அலகுக்கும் நடத்தைக்கும் இடையே பாதை எவ்வளவு வளைந்திருக்கலாம் என்பதற்கு யெல்லோ விகாரத்தை (விகாரம் என்பது பரம்பரை அலகில் நேர்ந்த மாற்றம்) விடச் சிறந்த உதாரணம் இல்லை. உடல் மஞ்சளாகும் இந்த விகார ஆண்கள் சாதாரணப் பெண்களிடம் தோற்பதை ஸ்டர்டிவன்ட் 1915 இலேயே எழுதினார். 1956 இல் மார்கரெட் பாஸ்டொக், அவை சிறகதிர்வைக் குறைவாகச் செய்வதைக் காட்டினார். குறை மூளையில் இருக்க வேண்டும் என்றே பலரும் தேடினார்கள். 2019 இல் வெளியான ஆய்வு குறையைக் காலில் கண்டது. நிறப்பொருள் இல்லாததால் முன்கால் சீப்பு மயிர்கள் பிழையாக அமைந்து, பெண்ணைப் பற்றி ஏற முடியாமல் போவதே முக்கிய காரணம். "நடத்தை அலகு" என்று நூறாண்டு காலம் எண்ணப்பட்டது மயிருக்கு நிறம் கொடுக்கும் அலகாக முடிந்தது.

உணவும் வெப்பமும்

500 மி.லீ. தண்ணீருக்கு: ரவை 40 கிராம், சீனி 30 கிராம், உலர் ஈஸ்ட் 10 கிராம், கடற்பாசித் தூள் (ஏகார்) 4 முதல் 5 கிராம், வினாகிரி 2 மேசைக்கரண்டி. பாசியைப் பச்சைத் தண்ணீரிலேயே கரைத்துக் கொதிக்க விடுங்கள். ரவை, சீனி, ஈஸ்ட் மூன்றையும் கட்டியில்லாமல் தனியே கலக்கி ஊற்றி, அடிப்பிடிக்காமல் 10 நிமிடம் கிளறுங்கள். இறக்கி, கையால் பாத்திரத்தைத் தொடக்கூடிய சூட்டுக்கு வந்த பிறகே வினாகிரியைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது அமிலம் விட்டால் பாசி கட்டாது. பாசியின் வலு ஒவ்வொரு பொதியிலும் மாறும் என்பதால், முதலில் 100 மி.லீ. அளவில் கட்டிப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். போத்தலுக்கு 8 மி.லீ. ஊற்றினால் ஏறத்தாழ 60 சிறு போத்தல்கள் வரும். மெல்லிய துணி மூடி ஆறவைத்து, மறுநாள் உட்சுவரில் நீர்த்துளி இல்லாதபோது பஞ்சு அடைப்பான் போடுங்கள்.

தென்மேல் பருவத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அறைக் காற்றே ஈரம். பூஞ்சணம் முந்திக்கொள்ளும். அப்போது தண்ணீரை 50 மி.லீ. குறைத்து, ஊற்றிய அன்றைக்கு மறுநாளே ஈக்களை விடுங்கள். குடம்பிகள் (புழுக்கள்) மேற்பரப்பைக் கிளறிக்கொண்டிருந்தால் பூஞ்சணம் பிடிக்காது.

25 பாகை செல்சியசில் முட்டை முதல் ஈ வரை சுமார் 10 நாட்கள், 18 பாகையில் ஏறத்தாழ இரு மடங்கு. ஆண்டுச் சராசரி 16 பாகை அளவிலுள்ள நுவரெலியாவில் மேசை மேல் வைத்தால் ஒரு தவணைக்குள் மூன்று சந்ததிகூடப் பார்க்க முடியாமல் போகும். மீன் வரும் ரெஜிபோம் பெட்டி ஒன்று, மூடியில் பென்சில் பருமனில் இரண்டு துளை, உள்ளே தகரப் பேணியால் மூடிய 25 வாற்று இழைக் குமிழ், ஒரு கிண்ணத் தண்ணீர், ஒரு வெப்பமானி: இது போதும். பேணி ஒளியை மறைப்பதற்கு, ஏனெனில் 24 மணி நேர வெளிச்சம் ஈயின் நாளொழுங்கைக் குலைக்கும். பேணி ரெஜிபோமில் முட்டாமல் ஓட்டுத் துண்டின் மேல் இருக்கட்டும். குமிழைச் சிறு வெப்பநிலை ஆளியோடு இணைத்தால் இரவுப் பனியிலும் 24, 25 பாகையில் நிற்கும். 30 ஐத் தாண்ட விடாதீர்கள், ஆண்கள் மலடாகும். பதுளையிலோ கண்டியிலோ இருப்பவர்களுக்குப் பெரும்பாலான மாதங்களில் பெட்டியே தேவையில்லை.

கன்னி ஈக்களைச் சேர்த்தல்

எந்தப் பரிசோதனையும் இந்தப் படியில்தான் உயிர் பெறும் அல்லது கெடும். ஒரு முறை இணைசேர்ந்த பெண்ணைக் கன்னி என்று எண்ணிப் பயன்படுத்தினால் அது எல்லா ஆணையும் உதைக்கும், நீங்கள் பிழையான ஆணின் மேல் குற்றம் சுமத்துவீர்கள்.

25 பாகையில் வெளிவந்த பெண் முதல் 8 மணி நேரத்துக்கு இணைசேராது. ஈக்கள் பெரும்பாலும் விடியலை ஒட்டி வெளிவரும். ஆகவே காலையில் போத்தலை முழுதாகக் காலி செய்து, 6 மணி நேரத்துக்குள் மறுபடி சேகரியுங்கள். 18 பாகையில் இந்த இடைவெளி 16 மணி நேரம் வரை நீளும். மலையகத்தின் குளிர் கைகொடுக்கும் ஒரே இடம் இதுதான்: கூட்டுப்புழு கறுத்த போத்தலை மாலையில் காலி செய்து குளிர்ந்த அறையில் வைத்தால், மறுநாள் காலை முதற் பாடவேளைக்கு முன் இருக்கும் பெண்கள் எல்லாம் கன்னிகள். கீழ்நாட்டு ஆய்வுகூடத்துக்கு இந்த வசதி கிடையாது.

வெளிறிய உடல், சுருங்கிய சிறகு, வயிற்றின் அடியில் தோலினூடே தெரியும் கரும்புள்ளி, இவை புதிதாக வந்த ஈயின் அடையாளம். புது ஆணின் வயிறு இன்னும் கருத்திராது. நிறத்தை நம்பாமல் முன்கால் சீப்பைத் தேடுங்கள்.

பிரிப்பதற்குப் போத்தலை 3 முதல் 5 நிமிடம் ஐஸில் புதைத்து, ஐஸ் மேல் வைத்த பெற்றித் தட்டில் வடிதாள் விரித்து அதில் கொட்டுங்கள். வடிதாள் இல்லாவிட்டால் குளிரில் படியும் நீரில் சிறகு ஒட்டிக்கொள்ளும். பெண்களைப் பத்துப் பத்தாகவும் ஆண்களைத் தனித்தனியாகவும் புது உணவில் 4, 5 நாட்கள் வையுங்கள். அந்த நாட்களுக்குப் பிறகு பெண்கள் இருந்த உணவில் குடம்பி ஊர்ந்தால், அந்தப் போத்தலிலுள்ள பத்தையும் ஒதுக்குங்கள்.

ஆணைத் தனியே வைப்பதற்கும், ஒரு முறை பயன்படுத்திய ஆணைத் திரும்ப எடுக்காததற்கும் காரணம் ஒன்றே. இணைசேர்ந்த பெண்ணிடம் உதை வாங்கிய ஆண் பின்னர் கன்னியிடமும் குறைவாகவே முயலும். சீகலும் ஹோலும் 1979 இல் இதைக் காட்டினார்கள். கற்றலின் விளைவைப் பரம்பரையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பார்க்கும் முறை

பரிசோதனை நாளில் ஐஸும் வேண்டாம், ஈதரும் வேண்டாம். மயங்கி எழுந்த ஈ அன்று ஒழுங்காகக் காதல் செய்யாது. 40 சென்ரிமீற்றர் மென்குழாயின் நுனியில் வலைத்துணி வைத்து, அதன் மேல் ஒரு துண்டு பானக்குழாய் செருகினால் வாயால் உறிஞ்சி ஈயை மாற்றும் கருவி தயார். சிறு கண்ணாடிப் போத்தலில் பஞ்சை உள்ளே தள்ளி 2 சென்ரிமீற்றர் இடம் மட்டும் விடுங்கள். அதுவே அரங்கம். இடம் பெரிதானால் பெண் ஓடிக்கொண்டே இருக்கும், சிறிதானால் இசையாத பெண்ணும் அகப்படும்.

வெளிச்சம் வந்து 2, 3 மணி நேரத்துக்குள், எல்லா நாளும் ஒரே நேரத்தில், அதே 25 பாகையில் செய்யுங்கள். முதலில் பெண், 2 நிமிடம் கழித்து ஆண். குறிக்க வேண்டியவை மூன்று: முதற் 10 நிமிடத்தில் ஆண் காதலாட்டத்தில் செலவிட்ட நேரத்தின் வீதம், ஏறும் வரை எடுத்த நேரம், புணர்ச்சியின் நீளம். பத்து நிமிடத்தில் 372 செக்கன் ஆட்டம் என்றால் 62 வீதம். பெண்ணின் பக்கத்தையும் எழுதுங்கள். நடையைக் குறைப்பது இசைவின் அறிகுறி. உதைப்பதும் சிறகடிப்பதும் மறுப்பு. முட்டையிடு குழலை நீட்டிக் காட்டினால் அந்தப் பெண் பெரும்பாலும் ஏற்கெனவே இணைசேர்ந்தது.

முதற் பரிசோதனை: விகாரம் தேவையில்லை

ஒரே தாய்வழியின் முட்டைகளை எண்ணி, 8 மி.லீ. உணவில் 40 ஒரு பக்கம், 2 மி.லீ. உணவில் 200 இன்னொரு பக்கம் வையுங்கள். நெரிசலில் வளர்ந்தவை குள்ளமாக வரும். ஒரு கன்னி, ஒரு பெரிய ஆண், ஒரு சிறிய ஆண், மூன்றையும் ஒன்றாக விட்டு 60 நிமிடம் பாருங்கள். பெரியது அடிக்கடி வெல்லும். இது பாலியல் தேர்வுதான், ஆனால் பரம்பரை அலகுகளில் வேறுபாடு இல்லை. இதை முதலில் செய்த மாணவர், பின்னர் விகாரத்தில் ஒரு வேறுபாட்டைக் கண்டவுடன் அவசரப்பட மாட்டார்.

பிறகு அதே இரு வகை ஆண்களையும் தனித்தனியே ஒரு பெண்ணோடு விட்டுப் பாருங்கள் (புது ஆண்கள், பழையவை அல்ல). தனியே விட்டபோது வேறுபாடு சுருங்கினால், மூவரும் இருந்தபோது நடந்தது ஆண்களுக்கிடையிலான தள்ளுமுள்ளு. சுருங்காவிட்டால் பெண்ணின் இசைவே வேறுபடுகிறது. இந்த இரண்டையும் பிரிக்காத அறிக்கைக்கு நாங்கள் பாதிப் புள்ளிதான் கொடுப்போம்.

இரண்டாம் பரிசோதனை: வெள்ளைக் கண்

1910 இல் மோர்கன் கண்ட வெள்ளைக் கண் விகாரம் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக விலங்கியல் பிரிவொன்றிடம் பாடசாலைக் கடிதத்தோடு கேட்டுப் பார்க்கலாம். வெள்ளைக் கண்ணில் ஒளியை மறைக்கும் நிறப்பொருள் இல்லை. காட்சி மங்குவதால் ஆண் பெண்ணைப் பின்தொடர்வதில் தடுமாறும்.

கிடைத்த விகாரத்தை உடனே காட்டு வகையோடு (விகாரமில்லாத சாதாரண ஈக்களோடு) போட்டிக்கு விடுவதுதான் வழக்கமான பிழை. இரு வழிகளும் வேறு ஆயிரம் அலகுகளிலும் வேறுபடும். முதலில் பின்னணியைச் சமப்படுத்துங்கள்:

1. வெள்ளைக் கண் ஆண் × உங்கள் காட்டு வகைக் கன்னி. பிள்ளைகள் எல்லாம் சிவப்புக் கண்.
2. அந்த மகள்களில் கன்னிகள் × காட்டு வகை ஆண். மகன்களில் பாதி வெள்ளைக் கண்.
3. அந்த வெள்ளைக் கண் மகன்களை மறுபடி காட்டு வகைக் கன்னியோடு சேர்த்து, 2, 3 ஆம் படிகளைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

ஒவ்வொரு சந்ததியிலும் வெளிவழி அலகுகள் பாதியாகும். ஆறாம் சந்ததியில் எஞ்சுவது 64 இல் ஒன்று, அதாவது 1.6 வீதம். வெள்ளை அலகுக்கு அருகே ஒட்டியிருப்பவை மட்டும் மெதுவாகத்தான் போகும். ஆண் துரோசோபிலாவில் குறுக்குப் பரிமாற்றம் (சோடி நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடக்காததால், அந்த ஒட்டை அவிழ்ப்பது பெண்கள் வழியாகப் போகும் சந்ததிகள் மட்டுமே. 25 பாகையில் இதற்குச் சுமார் 3 மாதம் வேண்டும்.

ஆறாம் சந்ததியில் ஒரே தாய்க்குப் பிறந்த சிவப்பு, வெள்ளை மகன்கள் ஒரே போத்தலில், ஒரே உணவில் வளர்ந்து வருவார்கள். இதைவிட நியாயமான ஒப்பீடு கிடையாது. மூவர் போட்டியை வெளிச்சத்தில் 30 தடவையும், இரண்டு மடிப்புச் சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச் ஒளியில் 30 தடவையும் நடத்துங்கள். சிவப்பொளியில் எல்லா ஈக்களுக்கும் பார்வை குன்றும். வெள்ளையின் பின்னடைவு அப்போது குறைந்தால், குறை கண்ணில்தான் என்பதற்கு அது நல்ல சான்று. கண் நிறத்தாலே ஆண்களை அடையாளம் காணலாம். தோற்றத்தில் ஒத்த ஆண்களை ஒப்பிடும்போது உணவில் சிவப்பு, நீலச் சாயம் கலந்து முதல்நாள் இரவு கொடுங்கள், வயிற்றில் நிறம் தெரியும். பாதித் தடவைகளில் சாயங்களை மாற்றிப் போட மறக்க வேண்டாம்.

கணக்கு எளிது. 30 புணர்ச்சிகளில் சமவாய்ப்பு என்றால் 15:15. சிவப்பு 20, வெள்ளை 10 என வந்தால் கைவர்க்கம் (எண்ணிக்கை எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) 3.33, தற்செயல் அல்ல என்று சொல்லத் தாண்ட வேண்டிய எல்லை 3.84, ஆகவே ஒன்றும் சொல்ல முடியாது. 21:9 என்றால் 4.8, சொல்லலாம். ஒரே ஒரு ஈ முடிவைப் புரட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். 30 என்பது குறைந்தபட்சம். இடையில் எட்டிப் பார்த்து, சாதகமாக வந்ததும் நிறுத்துவது ஏமாற்று.

புணர்ச்சிக்குப் பிறகு

தேர்வு ஏறியதோடு முடிவதில்லை. ஆணின் துணைச் சுரப்பி 36 அமினோ அமிலங்கள் கொண்ட பாற்பெப்டைட்டு என்ற சிறு புரதம் ஒன்றை விந்தோடு அனுப்புகிறது. அது விந்தின் வாலில் ஒட்டி, பெண்ணுக்குள் பல நாட்கள் மெதுவாக வெளிப்படும். முட்டையிடல் கூடும், பெண் ஏறத்தாழ ஒரு வாரம் மற்ற ஆண்களை மறுக்கும். இதைச் சோதிக்க, இணைசேர்ந்த பெண்களுக்கு 1, 3, 5, 7, 9 ஆம் நாட்களில் புது ஆணை 60 நிமிடம் கொடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் வேறு பெண்கள், ஆளுக்கொரு போத்தல், புது உணவு. குளிர் அறையில் இந்த வளைவு வேறாக இருக்கும், எனவே வெப்பநிலை எழுதாத வரைபுக்குப் பொருளில்லை.

இரண்டாவது ஆண் கிடைத்தால் அதன்பின் பிறப்பவற்றில் பெரும்பங்கு அவனுடையதே. முதலில் வெள்ளை ஆண், பின்னர் சிவப்பு ஆண் என வெள்ளைக் கண் பெண்ணோடு சேர்த்து, மகள்களின் கண்ணை மட்டும் எண்ணினால் தந்தை யாரென்று தெரிந்துவிடும். மகன்களை எண்ண வேண்டாம், எக்ஸ் தாயிடமிருந்தே வருவதால் எல்லாரும் வெள்ளையாகவே இருப்பார்கள். மறு வரிசையிலும் செய்யுங்கள்.

அடையாள விகாரங்களை வைத்துத் தந்தையைக் கணக்கிடுவதில் ஒரு பொறி உண்டு. ஆண்களுக்கிடையே பிள்ளை எண்ணிக்கை பெண்களைவிட அதிகம் வேறுபடுகிறது என்ற பேட்மனின் 1948 ஆய்வு பாடநூல்கள் எங்கும் இருக்கிறது. அதை 2012 இல் கோவாட்டி குழுவினர் திரும்பச் செய்தபோது, இரு பெற்றோரின் விகாரமும் சேர்ந்த பிள்ளைகள் எண்ணுவதற்கு முன்பே அதிகம் இறப்பதைக் கண்டார்கள். ஆகவே போட்டிக்கு முன், ஒரு தந்தை மட்டுமுள்ள போத்தல்களில் சிவப்பும் வெள்ளையும் எதிர்பார்த்த விகிதத்தில் வருகின்றனவா என்று 200 ஈக்களாவது எண்ணிப் பாருங்கள்.

கெட்டுப் போகும் இடங்கள்

யாரும் காதல் செய்யவில்லையா? முதலில் வெப்பமானியைப் பாருங்கள், 20 பாகைக்குக் கீழ் ஆட்டம் தளரும். அடுத்து வயது: ஒரு நாள் ஆண் இன்னும் முதிரவில்லை. எல்லாப் பெண்ணும் உதைக்கிறதா? கன்னிச் சேகரிப்பில் நேரம் தப்பியிருக்கிறது. ஈக்கள் கூட்டாகச் செத்தால் பக்கத்து அறையில் நுளம்புச் சுருளோ பூச்சி மருந்தோ வைத்திருக்கிறார்களா என விசாரியுங்கள். ஈயின் மேல் வெளிறிய புள்ளிகள் ஊர்ந்தால் அது உண்ணி. போத்தலை உறைய வைத்து எறிந்து, சுத்தமான வழியை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புது உணவுக்கு மாற்றுங்கள். எறும்புக்குப் பெட்டி இருக்கும் மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். ஒரு வாரம் நெரிசலான போத்தலிலிருந்தும் அடுத்த வாரம் தளர்ந்த போத்தலிலிருந்தும் ஆண்களை எடுத்தால் முதற் பரிசோதனையையே தெரியாமல் திரும்பச் செய்கிறீர்கள்.

முடிந்த விகார ஈக்களை வெளியே விட வேண்டாம். ஓர் இரவு உறைபெட்டியில் வைத்த பிறகே குப்பைக்கு. டிசம்பர் விடுமுறைக்குப் பெட்டியின் குமிழை அணைத்து, ஒவ்வொரு வழியையும் இரண்டு போத்தல்களாக, 18 பாகையை ஒட்டிய அறையில், வெவ்வேறு இடங்களில் வையுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். நுவரெலியாவில் தரைப்பனி விழும் இரவுகளில் சன்னலோரத்தில் மட்டும் வைக்காதீர்கள், 12 பாகைக்குக் கீழே குடம்பிகள் வளராமல் நின்றுவிடும்.